ஒரே உயரம்

எட்டுக் குழாய்களும் சட்டத்தில் ஒரே உயரத்தில் நின்றன. கீழே வாளியில் அறுத்த துண்டுகள் கிடந்தன.

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன்.

"இப்பத்தான் டீச்சர், பாக்க லட்சணமா இருக்கு," என்றார் கைவேலை ஆசிரியர், சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டியபடி. "நெட்டையும் குட்டையுமா நிக்குதேன்னு ஹெச்.எம். ஒரே சத்தம். இருக்கிறதுலயே குட்டையானதை அளவா வெச்சு எல்லாத்தையும் அறுத்துட்டேன்."

ஏழாம் வகுப்பின் இசை நேரம் முழுவதும் இந்தக் குழாய்களுக்கே போயிருந்தது. தண்ணீர்க் குழாயை அறுப்பார்கள், அதன் வாயில் பழைய ரப்பர் செருப்பால் தட்டுவார்கள், ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். நீளக் குழாய் அடித்தொண்டையில் பேசும். குறையக் குறையச் சுருதி ஏறும். கொஞ்சம் கூடுதலாக அறுத்துவிட்டால் குழாய் வீண். அதனால் உப்புத்தாள் வைத்து மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தார்கள். வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண், பஞ்சமம் சேரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்தாள். பிறகு அந்த எட்டுச் சுரத்துக்கு அவர்களே ஒரு மெட்டுக் கட்டினார்கள். அதை இன்று மதியம் பள்ளியைப் பார்க்க வரும் அதிகாரிகள் முன்னால் முதல்முறையாக வாசிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், நீளம்தான் சுரம். இப்ப எட்டும் ஒண்ணாக் கத்தும். நிகழ்ச்சியை எடுத்துடுங்க."

அவர் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். "அழைப்பிதழ்ல போட்டாச்சும்மா. சத்தம் வருதில்ல? வாசிக்கட்டும். வர்றவங்க என்ன பாகவதருங்களா, சுருதி பாக்க?"

வெளியே வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அந்த அறையில் என்னென்ன உடைந்திருக்குமோ.

வகுப்புக்குத் திரும்பியபோது வாயாடி ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கீச். கீச். கீச். பின்னாலிருந்த பையன்கள்கூடச் சிரிக்கவில்லை.

"டீச்சர், யார் இதைப் பண்ணினது?"

மூடி மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். வாயாடி தட்டுவதை நிறுத்தினாள்.

"வாசிக்கச் சொல்றாங்களா?"

"ஆமா."

"அப்ப வாசிப்போம்," என்றாள். "அப்படியே. ஒரு அடி விடாம."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதியம் கூடத்தில், குழாய்க்கு ஒருவராக எட்டுப் பேரும் செருப்பும் கையுமாக நின்றார்கள். நான் கையால் தாளம் போட்டேன். மெட்டு எங்கெல்லாம் ஏற வேண்டுமோ, எங்கெல்லாம் இறங்க வேண்டுமோ, அங்கெல்லாம் அதே கீச்சுக் குரல்தான் வந்தது. ஒருவரும் முறை தவறவில்லை. முன்வரிசை அதிகாரி ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"பாட்டு எங்கப்பா?"

"உங்க அளவுக்கு அறுத்துட்டாங்க சார்," என்றாள் வாயாடி, கை நிற்காமல்.

கைவேலை ஆசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார். தலைமையாசிரியர் முகம் சிவக்க என் அருகில் வந்து குனிந்தார். "நிறுத்துங்க. இப்பவே நிறுத்தச் சொல்லுங்க."

"சத்தம் வருதில்ல சார்?" என்றேன். "உட்காருங்க. இன்னும் பாதி இருக்கு."

நாளை என் வேலை என்னவாகும் என்று தெரியாது. பிள்ளைகள் என் கையையே பார்த்தார்கள். தாளத்தைக் கொஞ்சம் வேகமாக்கினேன்.