இரண்டு வருட வேலை

பாலாமணி புருஷனின் கால் பெருவிரல்களைச் சேர்த்து, கிழித்த வேட்டித் துணியால் இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். விடியற்காலையில் பல் துலக்கப் போன ஆறுச்சாமி வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டார். எஸ்டேட் டாக்டர் நாடி பார்த்து, உயிர் போய்விட்டது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். பத்து மணிக்குக் குன்னூர் ஓட்டலில் அவருக்கு இன்டர்வியூ. அதற்கான பயோடேட்டா பாலிதீன் பையோடு கதவு ஆணியில் தொங்கியது.

அதில் இரண்டு வருடம் வெறுமையாக இருந்தது. அதற்கு முன் ஃபேக்டரி ஸ்டோர் கிளார்க், அதற்குப் பின் மளிகைக் கடைக் கணக்கு. நடுவில், குழந்தை செத்துப் பிறந்து இவள் புத்தி பிசகிக் கிடந்த காலம். வேலையை விட்டுவிட்டுக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால் யார் கேட்டாலும் சும்மா இருந்ததாகவே சொல்வார். சும்மா இருந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போன இடமெல்லாம் திருப்பி அனுப்பினார்கள்.

"மறைக்காம எழுதிப் போடுங்க" என்று நேற்றிரவும் சண்டை பிடித்தாள்.

"உன்ற சீக்கை எதுக்குக் காயிதத்துல ஏத்தோணும்?"

இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் கடைசிப் பேச்சாகும் என்று யார் கண்டது?

வாசலில் வெள்ளையாக மஞ்சு மூட்டம் இறங்கி, பந்தல் போடுகிறவர்கள் குரலாக மட்டும் இருந்தார்கள். அவளுடைய போன் அடித்தது. ஓட்டல் மேனேஜர் பேசினார். ஆறுச்சாமி என்று ஒருவர் வந்திருக்கிறார், இரண்டு வருடம் உங்கள் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டதாக எழுதி இந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார், விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்றார்.

பாலாமணி கதவைப் பார்த்தாள். பை ஆணியில் அப்படியே தொங்கியது.

"நோயாளி யாருங்க?" என்றார் மேனேஜர்.

"நானுங்க."

"ஒழுங்கா வேலை பாத்தாருங்களா?"

"ராத்திரி பகல் பாக்கலீங்க. ஒரு நாள்கூட லீவு போடலீங்க."

"அப்புறம் ஏன் நின்னுட்டாரு?"

"எனக்கு நல்லாயிருச்சுங்க."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"போதுமுங்க, நாளைக்கே சேரச் சொல்லீர்றேன். வெளியதான் உக்காந்திருக்காரு. குளுர்ல நடுங்கறாரு, டீ குடுக்கச் சொல்லியிருக்கறேன்."

போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். ஆறுச்சாமியின் அண்ணன் வேலுசாமி கால்மாட்டில் குனிந்து நின்றார். முடிச்சு இரண்டும் அவிழ்ந்து, துணி பாயில் கிடந்தது.

"என்னம்மா கட்டியிருக்கற? இறுக்கிக் கட்டு."

பாலாமணி துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்த பொறுங்க மாமா. டீ குடிச்சிட்டு வரட்டும்."