ரூபி இறக்கிய ட்ரோன்

அச்சன்புதூரில் சங்கிலிப்பாண்டியின் வயலில் ரூபி ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடித்துக்கொண்டிருந்தாள். பாதி வயல் முடிந்தபோது மலைப்பக்கமிருந்து கனத்த சத்தம் கேட்டது. முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு பெரிய விசிறிகள் சுழல, ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாக வந்தது. விமானப்படையின் சினூக் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே ட்ரோனை வரப்பில் இறக்கினாள்.

"ஏட்டி, ஏன் நிப்பாட்டிட்ட?" என்று கத்தினார் சங்கிலிப்பாண்டி.

"மிலிட்டரி ஹெலிகாப்டர் அண்ணாச்சி. ரொம்பத் தாழ வருது. நம்ம ட்ரோன் அதுல மோதிட்டுன்னா உள்ள இருக்கவங்க கதி என்னாவும்?"

"அது எங்கயோ மேல போவுது. பொம்பளப்பிள்ளைட்ட வேலைய குடுத்தா இப்படித்தான், பயந்து சாவும்."

தென்னை மட்டைகள் படபடவென்று அடித்துக்கொள்ள, ஹெலிகாப்டர் வயலுக்கு நேர் மேலே கடந்துபோனது. சங்கிலிப்பாண்டி அதைப் போனில் படம்பிடித்து, பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்பினார்.

"நம்ம பயலுவ போறானுவ பாரு!" என்றார் பூரிப்போடு.

கையோடு மேலகரத்து பிரின்ஸைக் கூப்பிட்டு, மீதி வயலுக்கு அவனுடைய ட்ரோனைக் கொண்டுவரச் சொன்னார். ரூபி மிச்ச மருந்தைக் கேனில் ஊற்றி மூடிவிட்டு, ட்ரோனை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.