நான்கு குடும்பத்துக் குருவி

அந்தக் குருவியைச் செய்து முடிக்க இப்திஹாலுக்குக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது.

பஸ்ராவின் வெள்ளிக்கிழமைப் பறவைச் சந்தையில், கூண்டுக்குள்ளேயே செத்துப்போனவற்றை யாரும் தொடமாட்டார்கள். அவள் அவற்றைத்தான் தேடி வாங்கினாள். சதுப்புநிலத்துச் சிலம்பனின் உடலும் நீண்ட வாலும், வாலாட்டியின் சிறகுகள், வானம்பாடியின் கால்கள், கீச்சானின் கொக்கி அலகு. நான்குமே கிளையில் உட்காரும் பறவைகள்தான். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, உட்கார்ந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் பாதம். உலகத்துப் பறவை இனங்களில் பாதிக்குமேல் இந்த ஒரே கூட்டம். ஆனால் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். சிறகின் பெரிய இறகுகள் சிலவற்றில் ஒன்பது, சிலவற்றில் பத்து. காலின் பின்பக்கம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வழுவழுப்பாக இருக்கும், வானம்பாடிக்கு மட்டும் செதில் செதிலாக இருக்கும். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தடவிச் சொல்லக்கூடியவள் அவள். தையல் எங்கே தெரியக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும், எங்கே தெரிய வேண்டும் என்பதும் தெரியும்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் தங்கை நிஃமா. "இது என்ன குருவி, அக்கா? நான் பார்த்ததே இல்லையே."

"யாருமே பார்த்ததில்ல. முத்தன்னாவுக்குத்தான்."

"பரிசா?"

"ஆமா. கழுத்துல கட்டி ஆத்துல தள்ளுற பரிசு."

நிஃமா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெயர் வந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

டாக்டர் முத்தன்னா ஒரு காலத்தில் அவளுக்கு வழிகாட்டிப் பேராசிரியர். பேரீச்சந்தோப்புகளில் ஒரு சாம்பல் குருவி உண்டு, ஆணுக்குக் கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. அது எந்தக் குடும்பம் என்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை. கொண்டைக்குருவிக்குச் சொந்தம் என்றார் ஒருவர், கீச்சானுக்குச் சொந்தம் என்றார் இன்னொருவர். இப்திஹால் தோப்பு தோப்பாக அலைந்து குருவிகளைச் சேகரித்து, தோலுரித்து, பஞ்சடைத்துத் தைத்து, எலும்பையும் தொண்டைத் தசையையும் பிரித்துப் பார்த்து, அது யாருடைய வீட்டுப் பிள்ளையும் இல்லை, தனிக் குடும்பம் என்று நிறுவினாள். கட்டுரை அச்சில் வந்தபோது அதில் முத்தன்னாவின் பெயர் மட்டும் இருந்தது.

அவள் துறைக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டாள். அவர் கோபப்படக்கூட இல்லை.

"தைச்சுக் குடுத்தவ தையல்காரிம்மா. துணி எடுத்தவன்தான் சட்டைக்குச் சொந்தக்காரன்."

கூட்டமே சிரித்தது. அந்த வருடமே அபுல் கஸீப் என்ற ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அவளைத் தூக்கிப் போட்டார்கள். அங்கே பதினைந்து வருடம் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது முத்தன்னா ஓய்வுபெறப் போகிறார். போவதற்குள் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். புதிய குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் பெயருக்குப் பின்னால் கண்டுபிடித்தவர் பெயரும் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும்.

குருவியை அவரிடம் கொண்டுபோனவன் படகுக்காரன் லஃப்தா. அவன் பிடித்த பறவைகளை முத்தன்னா ஒருமுறை பறித்துக்கொண்டு, காவலரை விட்டு அடிக்கவும் வைத்திருந்தார். அதனால் இப்திஹால் சொன்னதும் காரணம் கேட்காமல் கிளம்பிவிட்டான். திரும்பி வந்தவன் வாசலிலேயே சிரித்தான். ஆசிரியைகளை அங்கே மரியாதையாக 'ஸித்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒரு வெள்ளைக்காரன் எங்க நாணல் வீட்டுல விட்டுட்டுப் போனான்னு சொன்னேன் ஸித். மனுஷன் மூச்சே விடல. யாருகிட்டயும் சொல்லிடாதேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. என்னை அடிச்ச ஞாபகம்கூட இல்ல அவருக்கு."

"காலைத் திருப்பிப் பார்த்தாரா?"

"அலகைத்தான் தடவிக்கிட்டே இருந்தாரு."

அவள் எதிர்பார்த்தபடியே நடந்தது. வசந்தத்தில், நதிக்கரையில் இருந்த தனியார் பறவைக் காட்சியகத்தில் கூட்டம் ஏற்பாடானது. அந்தக் குருவியைச் சதுப்பில் தானே சுட்டு, தானே தோலுரித்துப் பதப்படுத்தியதாக முத்தன்னா அறிவித்திருந்தார். இப்திஹால் தன் கறுப்பு அபாயாவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாள்.

எல்லோருக்கும் காய்ந்த எலுமிச்சைத் தேநீர் கொடுத்தார்கள். முத்தன்னா நன்றாகத்தான் பேசினார். ஒன்பது இறகு, கொக்கி அலகு, நீண்ட வால், இவை ஒன்றாகச் சேர்ந்த குடும்பம் பூமியில் வேறு இல்லை என்றார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து அவள் எழுந்தாள்.

"டாக்டர், கொஞ்சம் அந்தக் காலோட பின்பக்கத்தையும் பாருங்களேன்."

காட்சியக இயக்குநர் ரஷாத் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "செதில் இருக்கே. இது வானம்பாடிக் காலாச்சே" என்றார். பிறகு சிறகின் இடுக்கை மெல்ல விரித்தார். நூல் தெரிந்தது.

முத்தன்னா பறவையை அவர் கையிலிருந்து பிடுங்கி மல்லாத்தினார். வயிற்றுத் தையலைப் பார்த்தார். அது இடமிருந்து சாய்ந்து போகும் இடக்கைத் தையல். அவர் தலை நிமிர்ந்தபோது கண் நேராக இப்திஹாலிடம் வந்தது.

அவள் காத்திருந்தாள். இது அவள் வேலை என்று அவர் சொன்னால், அந்தத் தையலை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். இந்தக் காட்சியகத்தில் அவர் பெயரில் இருக்கும் சாம்பல் குருவிகள் அத்தனையிலும் இதே தையல்தான். சொல்லாவிட்டால் முட்டாள், சொன்னால் திருடன். சொல்வார் என்றுதான் நினைத்தாள்.

முத்தன்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "யாரோ என்னை ஏமாத்திட்டாங்க. வயசாயிடுச்சு, கண்ணும் சரியில்ல. சின்ன ஆசை, நானே சுட்டேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொருவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். பாவம், பெரிய மனிதர் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. அவர் வெறும் முட்டாளாகத் தப்பித்துப் போகட்டும் என்றா இத்தனை நாள் ஊசி பிடித்தாள்?

"யாரோ இல்ல, நான்தான் செஞ்சேன்" என்றாள். "அந்தச் சாம்பல் குருவிப் பெட்டிய இழுங்க. ஒண்ணொண்ணா வயித்தத் திருப்புங்க. அப்புறம் டாக்டர்கிட்ட ஒரு ஊசியக் குடுத்து, எந்தக் கையால தைப்பீங்கன்னு கேளுங்க."

பெட்டி திறந்தது. வரிசையாகப் படுத்திருந்த குருவிகளின் வயிற்றில் ஒரே சாய்வு. முத்தன்னா வலக்கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

வாசல்வரை கூட வந்த ரஷாத் வருத்தப்பட்டார். "நேரா எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே பெட்டியத் திறந்திருப்பேனே ஸித். இப்ப உங்க வேலையும் போகும்."

"கேட்டேனே. அன்னிக்குத் துறைக் கூட்டத்துல நீங்க ரெண்டாவது வரிசையில உக்காந்து சிரிச்சீங்க."

வேலை போனது. போலி செய்ததற்காகக் காட்சியகத்துக்குள் நுழையவும் தடை விதித்தார்கள். முத்தன்னாவுக்கு நடக்கவிருந்த பாராட்டு விழா நின்றது. கட்டுரையை வெளியிட்ட இதழ் அடுத்த வெளியீட்டில் மூலையில் சில வரிகள் போட்டது, ஆய்வு இப்திஹாலுடையது என்று. நிஃமா அதைப் படித்துவிட்டு, "இதுக்காகவா சோத்துக்கு வழியில்லாமப் பண்ணிக்கிட்டே?" என்று அழுதாள். இப்திஹால் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மறுவாரம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த குளிர்காலத்தில் நதிக்கரைச் சாலையில் முத்தன்னா தடியூன்றி எதிரே வந்தார். அவளைப் பார்த்ததும் தண்ணீரைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டார், அவள் கடந்து போகட்டும் என்று. பக்கத்தில் வண்டிக்காரன் பேரீச்சம்பாகில் டர்னிப் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான். இப்திஹால் ஒரு கிண்ணம் வாங்கி அவருக்குப் பின்னாலேயே நின்று, ஊதி ஊதி, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். தீர்ந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டாள்.