ஐந்து விளக்கு லொறி

கலந்தர் செத்ததற்குக் காரணம் லொறியா, லொறியில் பூட்டியிருந்த விளக்குகளா என்று கல்முனைக்குடியில் ஆளுக்கொரு விதமாகக் கதைத்தார்கள். லொறி அவனைத் தொடவேயில்லை. அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எண்பத்தோராம் ஆண்டு, பெரும்போக வேளாண்மை வெட்டு முடியும் தறுவாய். கலந்தர் ஊர் ஊராகச் சைக்கிளில் புடவை கொண்டுபோய் விற்கிறவன். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. சம்மாந்துறையில் காய்ச்சலாய்க் கிடந்த தன் சகோதரியைப் பார்க்க, மனைவி றாஹிலாவைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும் வழியில் மஃரிப் தொழுகை நேரமும் தாண்டி இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் வயல். சைக்கிளின் டைனமோ விளக்கு, மிதிக்கிற வேகத்துக்கு ஏற்ப மங்கியும் தெளிந்தும் எரிந்தது.

எதிரே வந்தது முகம்மது தம்பி முதலாளியின் லொறி. இறக்காமத்து வயல்களிலிருந்து தன் ஆலைக்கு நெல் ஏற்றிவர அனுப்பிய வெறும் லொறி. முந்திய வருடம் அந்தப் பக்கத்தில் யானையொன்று வழிமறித்து நெல்மூடைகளை இழுத்துப் போட்டதிலிருந்து, முதலாளி கொழும்பில் எடுப்பித்து, முன் பம்பரில் இரண்டும் கூரைக்கு மேல் ஒன்றுமாக மூன்று பெரிய விளக்குகளைப் பூட்டியிருந்தார். யானைக்காகப் பூட்டிய விளக்குகள் ஊருக்குள்ளேயே எரியத் தொடங்கிவிடும்.

றாஹிலாவின் ஞாபகத்தில் இருப்பது கொஞ்சம்தான். கணவனின் முதுகு கன்னங்கரேலென்று தெரிந்தது. அதைச் சுற்றியிருந்ததெல்லாம் வெள்ளையாகிப் போனது. "மச்சான், நில்லுங்க" என்றாள். சைக்கிள் ஓரத்துக்குச் சாய்ந்தது. பிறகு அவள் சேற்றில் கிடந்தாள். லொறி கடந்துபோன பின் வந்த இருட்டில், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருந்தது. கலந்தர் மதகுக் கட்டில் தலை மோதி, அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் வாய்க்காலுக்குள் கிடந்தான். அவளோ எதிர்ப்பக்கமாகத் தவழ்ந்து தவழ்ந்து அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். காரைதீவுக்குப் போய்க்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, அவன் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்தது. றாஹிலா வெள்ளை உடுத்து, திரை போட்ட அறைக்குள், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இத்தா இருக்கத் தொடங்கினாள். வந்த பெண்களெல்லாம் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. விறைத்துப்போன காலை நுள்ளிப் பார்ப்பதுபோல, இடைக்கிடை அவனுடைய பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. சோறு தந்தால் தின்றாள். படு என்றால் படுத்தாள்.

கொஞ்ச நாளில் பொலிஸ் சார்ஜன் கதிர்காமன் வந்தார். முன்வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதைத்தார்.

"தங்கச்சி, லொறியில இப்ப ரெண்டு லைட்டுத்தான் இருக்கு. மற்றதெல்லாம் எப்பவுமே பூட்டல்ல எண்டு சாதிக்கிறாங்க. ஊருக்குள்ள கேட்டா ஒருத்தரும் காணல்லயாம். நீங்க கண்டீங்களா?"

"கண்டன்."

"கோட்டில வந்து சொல்லுவீங்களா?"

அவள் பதில் சொல்வதற்கு முன் அவளுக்கு மூத்தவன், காக்கா காலிதீன் குறுக்கிட்டான். அவன் முதலாளியின் ஆலையில் நெல் நிறுக்கிறவன்.

"இத்தாவில இரிக்கிற பொம்புளய கோட்டுக்கு இழுக்கிறதா ஐயா? ஊர் என்ன கதைக்கும்? அவள் சொல்லி மவுத்தானவன் எழும்பி வரப்போறானா?"

சார்ஜன் எழுந்து போனார். அன்று அஸர் தொழுகைக்குப் பின் றாஹிலாவின் உம்மா ஹாஜறா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மௌலவி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து மகளின் பக்கத்தில் குந்தினாள்.

"பகலையில, தேவைக்கெண்டா போகலாமாம் புள்ள. இருட்டுறத்துக்கு முந்தி வீட்ட வந்திரணுமாம். போறயா?"

"ஓம் உம்மா."

ஏன் ஓம் என்றாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. போனாலும் இருந்தாலும் ஒன்றுதான். கேட்டார்கள், கண்டதைக் கண்டேன் என்றாள். காலிதீன் அன்றிலிருந்து அவளோடு கதைக்கவில்லை.

திரை கட்டிய காரில் உம்மாவோடு கோட்டுக்குப் போனாள். கூண்டில் லொறி றைவர் முனாப் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இளம் பொடியன், தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. முதலாளி பின் வாங்கில் கைகட்டி இருந்தார். அவருடைய சட்டத்தரணி முதலில் சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்.

"சைக்கிளில் இரண்டு பேர் போவது சட்டப்படி குற்றம் என்று தெரியுமா உங்களுக்கு?"

"தெரியா."

"லொறி உங்களில் முட்டியதா?"

"இல்ல."

"கண் கூசி ஒன்றும் தெரியவில்லை என்று பொலிசுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியாத கண்ணால் எத்தனை விளக்கு என்று எப்படி எண்ணினீர்கள்?"

றாஹிலா கொஞ்சம் யோசித்தாள். யாரோடும் வாதாடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"கண்ண முழிச்சிருக்கக்குள்ள எண்ணல்ல. சேத்துக்குள்ள விழுந்து கண்ண மூடின பொறகுதான் எண்ணினன். கண்ணுக்குள்ள அப்பிடியே நிண்டிச்சி. நடுவில ரெண்டு, கீழ ரெண்டு, மேல ஒண்டு. அஞ்சு."

நீதவான் பேனையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லொறியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பம்பரிலும் கூரையிலும் ஆணி கழற்றிய துளைகள் இருந்தன. சுற்றியிருந்த துரு சுரண்டி, மேலே புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தது. சார்ஜன் துளைக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

சட்டம் இடங்கொடாத விளக்குகளைப் பூட்டிப் பொது வீதியில் ஓட்டியதற்கு முதலாளிக்குத் தண்டம். எதிரே வருகிறவரைக் கண்டும் வெளிச்சத்தைக் குறைக்காமல் ஓட்டியதற்கு முனாப்பின் லைசன் பறிபோனது. கலந்தரின் மரணத்துக்கு ஒருவரையும் குற்றவாளியாக்க முடியவில்லை. தொடாத லொறிதான் கொன்றது என்று சொல்வதற்குச் சாட்சி போதாது என்றார் நீதவான். முதலாளி கோட்டு வாசலிலேயே காசைக் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு முனாப் றாஹிலாவின் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான். ஹாஜறா அவனை ஏசித் துரத்தப் போனாள். "வரட்டும்" என்று அறைக்குள்ளிருந்து றாஹிலா சொன்னாள். அவன் திரைக்கு வெளியே நிலத்தில் குந்தினான்.

"ராத்தா, பூட்டின லைட்டுக்கு வேற சுவிச்சி. அந்தப் பக்கத்துக் கதவோரம் வெச்சிருந்தாங்க. எனக்குக் கை எட்டல்ல. லொறிய நிப்பாட்டி இரிக்கலாம். நான் நிப்பாட்டல்ல. பொறகால நீங்க விழுந்ததும் எனக்குத் தெரியா."

"எங்களக் கண்டீங்களா?" என்று றாஹிலா கேட்டாள்.

"கண்டன் ராத்தா. பகல் மாதிரித் தெரிஞ்சிச்சி."

"எனக்கு அவருட முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிச்சி. முகம் எப்பிடி இரிந்திச்சி?"

சொல்லட்டுமா வேண்டாமா என்று முனாப் ஹாஜறாவைப் பார்த்தான். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள்.

"ஒரு கைய ஹாண்டில்ல இரிந்து எடுத்து முகத்துக்கு நேர புடிச்சாரு. சிரிச்ச மாதிரி இரிந்திச்சி ராத்தா. கண் கூசினா முகம் அப்பிடித்தான் சுருங்கும். சிரிக்கல்ல."

"வேற?"

"மத்தக் கையையும் எடுக்கப் பாத்தாரு. பின்னுக்குத் திரும்பி உங்களப் புடிக்கப் போனாரு போல. அதுக்குள்ள நான் தாண்டிட்டன்."

முனாப் எழுந்து போனான்.

ஹாஜறா திரையை விலக்கினாள். றாஹிலா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரமில்லை. வலது கையை முதுகுப் பக்கமாகத் திருப்பி, எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்ப்பவள்போல விரல்களை விரித்து வைத்திருந்தாள். உம்மா கூப்பிட்டும் அவள் கையை மடக்கவில்லை. ஹாஜறா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.