பேர் சொல்லாத பெண்

கார்முகில் கவிந்து, காற்றும் அசைவற்று, நண்பகலே மாலைபோல் மங்கிக் கிடந்த ஒரு நாளில், நகரின் நெரிசலுக்கு நடுவே நான்கு மாடிகளாய் நிமிர்ந்து நின்ற அந்தப் பெண்கள் பள்ளி, ஆயிரம் குரல்கள் ஒருங்கே எழுந்து ஆரவாரிக்க, உணவு வேளையில் திளைத்திருந்தது. அவ்வாரவாரம் எட்டாத இரண்டாம் மாடிக் கோடியில், கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அவர் மாணவி அல்லர், அறிவுசால் வாசகரே. ஒன்பதாம் வகுப்பைப் பொறுப்பேற்று நடத்தும் கணக்கு ஆசிரியை.

ஏன் அழுதார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல இயலாது. நாளுக்கு ஏழு பாடவேளை, வீடுவரை தொடரும் விடைத்தாள் கட்டு, தேர்ச்சி குறைந்தால் எல்லார் முன்னிலும் கிடைக்கும் ஏச்சு என்று எல்லாம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, வகுப்பினுள் கால்வைக்கவே அஞ்சும் நிலைக்கு அவரைத் தள்ளியிருந்தன. மாணவியரின் மனக்குறை கேட்க அவ்வாண்டுதான் ஓர் ஆற்றுப்படுத்துநரைப் பள்ளி அமர்த்தியிருந்தது. ஆசிரியருக்கும் மனம் உண்டென்பது அமர்த்தியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். முகம் கழுவித் துடைத்து, துணிவைத் திரட்டிக்கொண்டு அவர் ஆற்றுப்படுத்துநரான அந்த இளம்பெண்ணின் அறைக்குள் நுழைந்தார்.

"என் வகுப்புல ஒரு பொண்ணு," என்று தொடங்கினார். "மத்தியானம் ஆனா யாருக்கும் தெரியாம போய் அழறா. தூக்கமே இல்லையாம். காலைல எழுந்திருக்கவே பிடிக்கலைங்கறா."

"பேரு சொல்லுங்க டீச்சர், நாளைக்கே பேசறேன்."

"பேரு சொல்ல வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டா."

"சரி, எல்லாரையும் ஒவ்வொருத்தரா அனுப்புங்க. நானே கண்டுபிடிச்சிடறேன்."

கடமை தவறாத அந்த இளையவள் நான்கு நாள் அயராது தேடினாள். தேடப்படுபவரோ வகுப்பு வாயிலில் பதிவேடும் கையுமாய் நின்று, ஒருத்தி திரும்பியதும் அடுத்தவளை அனுப்பிக்கொண்டிருந்தார். எப்போதும் சிரித்துக் கும்மாளமிடும் முதல் வரிசைக்காரி கண் சிவந்து திரும்பியபோது அவர் திடுக்கிட்டார். அவளைத் தொடர்ந்து வேறு சிலரும் அப்படியே திரும்பினர்.

ஐந்தாம் நாள் ஆற்றுப்படுத்துநரே அவரைத் தேடி வந்தாள்.

"மத்தியானம் அழறது யாருன்னு கேட்டேன் டீச்சர். ஒன்பது பேர் நான்தான்னு சொன்னாங்க. நீங்க சொல்லலைன்னா ஒருத்தியும் வாயைத் திறந்திருக்க மாட்டா." அவள் குரல் சற்றே தழுதழுத்தது. "நீங்க சொன்ன பொண்ணு அந்த ஒன்பதுல இருக்காளா?"

'இல்லை' என்னும் ஒரு சொல் அவர் தொண்டைவரை வந்தது. ஒன்பது சிறுமியரின் கண்ணீரைச் சுமந்து நிற்பவள்மேல் இன்னொன்றை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"இருக்கா," என்றார்.

இளையவள் பெருமூச்செறிந்து, நெஞ்சாரக் கைகூப்பி விடைபெற்றாள். அன்றிரவு ஒன்பது பெண்கள் ஓரளவேனும் அமைதியாய் உறங்கியிருப்பர். பத்தாமவரை இனி எவரும் தேடப்போவதில்லை. கிடைத்துவிட்டாள் என்று அவரே சொல்லிவிட்டாரே.