கறுப்பு ஜன்னலைச் சாத்தாதீர்கள்

மற்ற பெண்கள் கணவனைத் தட்டி எழுப்புவார்கள். பொற்கொடி டைப் அடித்து எழுப்புவாள். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலில் ஒரு வரிக் கட்டளை, ஒரு என்டர். பிரவுசரில் நோட்புக் என்கிற பக்கம் திறக்கும். உள்ளே தணிகாசலம் உட்கார்ந்திருப்பார்.

முதலில் டோக்கன் கேட்பார்; கறுப்பு ஜன்னலில் வரும் அந்த நீளமான கடவுச்சொல்லை எடுத்து ஒட்ட வேண்டும். கட்டிய மனைவிதான், ஆனாலும் டோக்கன் இல்லாமல் முகம் கொடுக்க மாட்டார்.

குடித்தனம் முழுவதும் செல் என்கிற கட்டங்களில் இருந்தது. தினமும் மேலிருந்து ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். முதல் செல்லில் அவர் அவளைப் பெண் பார்க்க வருவார். அதற்காகவே காலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள். "பிடிச்சிருக்கு" என்பார். அப்புறம் கல்யாணம், வாடகை வீடு, மகள் குழலி என்று கடகடவென ஓடும்.

கறுப்பு ஜன்னலை மட்டும் மூடக் கூடாது. மூடினால் அவருக்கு எல்லாம் மறந்துவிடும்.

அன்று சாயங்காலம் குழலியைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா ஓடுகிறாரா என்று மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் முன்பே விசாரித்திருந்தாள். ஓடாத அப்பா இருக்கும் வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லையாம். தணிகாசலம் நன்றாகவே ஓடினார். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுச் சிரிக்காமல்கூட இருந்தார்.

பொற்கொடி பஜ்ஜித் தட்டோடு திரும்பியபோது அவர் பாதி வார்த்தையில் நின்றுபோயிருந்தார்.

"விளக்கு வைக்கிற நேரத்துல ஜன்னலைத் திறந்து போடலாமா? கொசு வரும்ல. நான்தான் சாத்தினேன்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

நல்ல மனசு. யாரைக் குறை சொல்வது?

பொற்கொடி மறுபடி கட்டளையை அடித்தாள். அவர் டோக்கன் கேட்டார். ஒட்டினாள்.

"ஏங்க, குழலியை வரச் சொல்லட்டுமா?"

"எந்தக் குழலி?"

வேறு வழியில்லை. மேலிருந்து ஓட்டினாள்.

தணிகாசலம் பெண் பார்க்க வந்தார். பஜ்ஜியைக் கடித்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் வைத்த பூ வாடியிருந்தது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் சிரித்து வைத்தாள்.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்," என்றார்.

அந்த லெட்டர் எந்த வீட்டுக்கும் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கீழே இருந்த செல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. உள்ளறையில் கொலுசுச் சத்தம் நின்றது.

"பலகாரம் போதும்மா. பொண்ணை வரச் சொல்லுங்க," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பொற்கொடி தட்டோடு நின்றாள். தன் வீட்டில் ஏன் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எந்தப் பொண்ணுங்க?"