கொட்டிலுக்குள் ஓஸ்டின்

அபூதாஹிரின் கார் ஓடாது என்பது அந்த வளவில் கோழிகளுக்குக்கூடத் தெரியும். கொட்டிலுக்குள் அதைக் கொண்டுவந்து விட்ட முதல் வாரமே அவை அதன் பின்சீற்றில் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

வெள்ளைக்கார நேவி திருகோணமலையை விட்டுக் கப்பலேறிய காலத்தில், ஊருக்குப் போகும் அவசரத்தில் ஓர் அதிகாரி கைகழுவிவிட்டுப் போன ஓஸ்டின் அது. துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதும் கிளாக்காக இருந்த அபூதாஹிர் அதை வாங்கி, ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, மாமனார் வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு உள்ளே விட்டான். அன்றிலிருந்து கந்தோர் விட்டு வந்து தேத்தண்ணி குடித்ததும் கொட்டிலுக்குள் போனால், அந்திக்கு மஃரிபு பாங்கு கேட்டுத்தான் வெளியே வருவான். கழற்றுவான், துடைப்பான், திரும்பப் பூட்டுவான். கார் மட்டும் ஓடவில்லை.

அவன் மனைவி ஸுல்பிகாவுக்கு இதில் குறை ஒன்றும் இருக்கவில்லை, தங்கை ஜெமீலாவுக்குக் கிண்ணியாவில் இருந்து சம்பந்தம் வரும்வரை. அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். பெரிய வீடு மூத்தவள் ஸுல்பிகாவுக்கு என்று எழுதியாகிவிட்டது. ஜெமீலாவின் வீட்டுக்குப் பின்வளவுதான் மிச்சம். பின்வளவில் கொட்டில் நின்றது.

துறைமுகத்தடியில் கயிறும் தாரும் ஆணியும் விற்கும் கடை வைத்திருந்த அவர்களுடைய வாப்பா ஸெய்னுதீன், மருமகனின் பொருளில் கை வைக்கிற மனிதர் அல்ல. மாப்பிள்ளையின் சாமானைத் தூக்கி வெளியே வைத்தான் என்று ஊர் பேசினால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"கார் ஓடட்டும் மருமகன். ஓடின அடுத்த நாள் கொட்டிலப் பிரிச்சிட்டு அத்திவாரம் வெட்டுவம். அவசரமில்ல."

"இன்னும் கொஞ்ச வேலைதான் மாமா" என்றான் அபூதாஹிர். அந்தக் கொஞ்ச வேலை முடியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாக்காரர் வளவு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அபூதாஹிர் வியாழக்கிழமையே லீவு போட்டுவிட்டுத் தாயைப் பார்க்க, கடல் கடக்கும் லோஞ்சேறி மூதூருக்குப் போய்விட்டான். இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவை என்று ஸுல்பிகா எண்ணப் பார்த்து, எண்ணினால் அழுகை வரும் போலிருந்ததால் விட்டுவிட்டாள். போகும்போது அவன் சொன்னது, "உம்மாட வீட்டில கூரை ஒழுகுது." கோடை வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் எந்தக் கூரை ஒழுகும்?

வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிக்குப் புறப்படும்போது சொன்னார். "மகள், அந்தக் கொட்டிலக் கொஞ்சம் பாருங்க. வாறவங்க கால் வைக்க இடமில்ல. சாமான்கள மாத்திரம் வெளியே போட்டிடாதீங்க, மருமகன் கோவிப்பார்."

ஸுல்பிகா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சாக்கு விரிப்புகளின் மேல் ஆணிகளும் நட்டுகளும், ஒரு ரயர், மண்ணெண்ணெய்த் தகரம், துடைப்பதற்குக் கிழித்த சேட் ஒன்றின் கை. சுவரோரமாகக் காரின் பின்சீற் தரையில் கிடந்தது. அதன் நடுவில் ஒரு குழி. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையும் பழைய பேப்பர் கட்டும்.

அவளுக்கு மனம் கரைந்தது. மனுசன் எவ்வளவு இடைஞ்சலில் வேலை செய்கிறார் என்று நினைத்தாள். குசினியில் இருந்து பால்மா டின்களை எடுத்து வந்து, பெரிய நட்டு ஒரு டின், சின்ன நட்டு ஒரு டின், வளைந்த ஆணி ஒரு டின் என்று போட்டாள். ஸ்பனர்களைத் தேய்த்துக் கழுவி அவற்றுக்கும் டின் கொடுத்தாள். எல்லா டின்களையும் பலகையில் ஒரே வரிசையாக அடுக்கினாள். பின்சீற்றைத் தட்டி, தூசி போக்கி, பிறந்த இடத்துக்கே அது போகட்டும் என்று காருக்குள் தூக்கி வைத்துப் பொருத்தினாள்.

கடைசியாகக் காரின் உட்புறம். முன்னால் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகையைத் துடைத்தாள். ஒரு சாவி தொங்கியது. துணி பட்டுத் திரும்பியது. பக்கத்தில் ஒரு குமிழ். அதில் அழுக்கு படிந்திருந்தது. பிடித்து இழுத்துத் துடைத்தாள்.

கார் கத்தியது.

ஒரு குலுக்கல், ஓர் இருமல், அதன்பின் சோம்பலே இல்லாத ஓர் உறுமல். கோழிகள் பறந்தன. தகரங்கள் நடுங்கின. ஸுல்பிகா கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினாள். விளக்கு எரிந்தது. ஹோர்ன் அடித்தது. கண்ணாடித் துடைப்பான், இல்லாத தண்ணீரைத் துடைக்கத் தொடங்கியது. சாவியைப் பிடுங்கினால் நிற்கும் என்று பிடுங்கினாள். தேய்ந்த சாவி கையோடு வந்தது. கார் தன்பாட்டில் ஓடியது.

இறங்கி ஓடி முன்மூடியைத் தூக்கினாள். உள்ளே குடலும் குழாயுமாகக் கிடந்தது. நடுவில் தடித்த கறுப்பு வயர் ஒன்று. அதுதான் பெரியவர் போலிருந்தது. துணியால் பிடித்து இழுத்தாள். கையில் சுரீரென்று அடித்தது. கார் நின்றது.

"ராத்தா!" கொட்டில் வாசலில் ஜெமீலா, கையில் அகப்பையோடு. "கார் ஓடிச்சுதா?"

"இல்ல. லோஞ்ச். கடல்ல போகுது."

"லோஞ்ச் கொட்டிலுக்குள்ளால போகுதா?"

"ஜெமீலா, வாப்பாட்டச் சொல்லிராத."

ஜெமீலா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வீடு நிற்கவேண்டிய இடம் அது. ஒரு நொடி அகப்பையைச் சுழற்றினாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. பொண்ணு செவிடு எண்டு கிண்ணியாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஸுல்பிகா சாவியைத் திரும்பச் செருகி இருந்தபடி திருப்பினாள். வயரின் மற்ற முனையையும் உருவி எடுத்தாள், தானாகத் திரும்ப ஓடிவிடுமோ என்ற பயத்தில். பிறகு காரின் படியில் குந்திக்கொண்டு யோசித்தாள்.

ஓடுகிற காரை ஓடாது என்று ஒரு மனுசன் ஏன் சொல்ல வேண்டும்? வாப்பாவுக்குச் சொல்வது சரி. கட்டின பெண்டாட்டிக்கும் ஏன்? ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிப் போகவா? அப்படியானால் ஓடக்கூடிய காரை விட்டுவிட்டு லோஞ்சில் ஏன் போனார்? தங்கச்சிக்கு வீடு கிடைக்கக் கூடாது என்ற வஞ்சகமா? பெருநாளுக்கு ஜெமீலாவுக்குப் புடவை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தானே. ஒரு முனையைப் பிடித்தால் மற்ற முனை நழுவியது. கார் ஓடினால் கொட்டில் போகும். கொட்டில் போனால் அவரும் மூதூரோடு போய்விடுவாரோ? எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் அந்த வயர் காருக்குள் இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று பட்டது. துணியில் சுற்றி அலுமாரியில் தன் சாரிகளுக்கு அடியில் வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் அபூதாஹிர் வந்தான். நேரே கொட்டிலுக்குப் போனான். ஸுல்பிகா தேத்தண்ணியோடு பின்னால் போனாள்.

அவன் வாசலில் நின்றான். டின் வரிசையைப் பார்த்தான். பெருக்கிய தரையைப் பார்த்தான். சுவரோரம் வெறுமையாகக் கிடந்த இடத்தை நெடுநேரம் பார்த்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"வாப்பாதான் சொன்னார்..."

"ஓம். எனக்கு விளங்கிற்று."

"என்ன விளங்கிற்று?"

அவன் தேத்தண்ணியை வாங்கினான். எங்கே உட்காருவது என்று தெரியாதவனைப் போல இரண்டு எட்டு அங்கும் இங்கும் வைத்தான். பிறகு கோப்பையோடு முன் ஹோலுக்குப் போய், வாப்பாவுக்கு எதிரே ஒரு கதிரையின் நுனியில், கடன் கேட்க வந்தவனைப் போல உட்கார்ந்தான். இவருக்கு என்ன விளங்கியது என்பது ஸுல்பிகாவுக்கு விளங்கவில்லை. கார் ஓடியதை யாராவது சொல்லிவிட்டார்களா? இரவு சாப்பாட்டின்போது, "உம்மாட கூரை எப்பிடி?" என்று கேட்டுப் பார்த்தாள். "தட்டியால மறைச்சு ஒரு அறை எடுக்கலாம்" என்றான். கூரையைக் கேட்டால் அறையைச் சொல்கிறாரே என்று அவள் கையில் சோறு அப்படியே நின்றது.

ஞாயிறு காலை கிண்ணியாவில் இருந்து மாப்பிள்ளையின் தகப்பன் அலியார், தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். வயல்காரர். பேச்சைவிட நடை அதிகம். பலகாரத்தில் ஒன்றைக் கடித்துவிட்டு, "வளவப் பாப்பமா?" என்று எழுந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். ஸுல்பிகாவும் அவளுடைய உம்மாவும் குசினி வாசலில் நின்றார்கள். ஜெமீலா ஜன்னல் திரைக்குள்.

"வீடு எந்த இடத்தில வரும்?" என்றார் அலியார்.

வாப்பா கொட்டிலைக் காட்டினார். "இதில. மூத்த மருமகன்ட கார் நிக்குது. அது ஓடினதும்..."

"கார் ஓடும் மாமா" என்றான் அபூதாஹிர்.

வாப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"ஓடும். எப்பயோ சரி வந்திட்டு. நான்தான் சொல்லல்ல. கொட்டில நாளைக்கே பிரியுங்க."

அவன் முகத்தில் கோபமில்லை. பந்தியில் தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டு எழுகிறவனின் முகம் அது. அப்போதுதான் ஸுல்பிகாவுக்குப் பாதி வெளித்தது. நான் துப்புரவாக்கியதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்! போ என்று சொன்னேன் என்றா? ஓடிப்போய்ச் சொல்ல வாய் எடுத்தாள். இத்தனை ஆம்பிளைகள் முன்னால் என்னத்தைச் சொல்வது? அபூதாஹிர் காரில் ஏறிவிட்டான். குமிழை இழுத்தான்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்.

"ஓடும் எண்டீங்க?" என்றார் அலியாரின் மச்சான்.

"ஓடும்." இன்னொரு தடவை இழுத்தான். கார் முனகியது, அவ்வளவுதான். அவன் இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்மூடியைத் தூக்கினான். குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

தடித்த வயர் இருந்த இடம் மூளியாக இருந்தது. சாமான் தேய்ந்து போகலாம், உடைந்து போகலாம். இரு முனையும் சுத்தமாகக் கழன்று தானாகக் காணாமல் போகாது.

அவன் மெல்லத் தலையைத் தூக்கிக் குசினி வாசலைப் பார்த்தான். ஸுல்பிகா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், ஒரே ஒரு தடவை.

அவன் முன்மூடியை இறக்கினான். "இல்ல மாமா. நான் பிழையாச் சொல்லிற்றன். ஒரு சாமான் குறையுது."

"கொழும்பில எடுக்கலாமா?"

"தெரியா மாமா. எங்க இருக்கு எண்டு தேடத்தான் வேணும்."

வாப்பா குழம்பிப்போய் மருமகனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கிடையில் அலியார் குந்திக்கொண்டு கொட்டில் தரையில் ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் தேய்த்தார். மூக்கில் வைத்தார். முகம் சுளித்து வாப்பாவிடம் திரும்பினார்.

"காக்கா, இது மண்ணில்ல, எண்ணெய். இதில ஒரு முருங்கையும் வராது. புள்ளைகள் விளையாடுற வாசல் இது. அந்தக் கிணத்தடிப் பக்கம் என்ன?"

"அங்க வாழை நிக்குது."

"வாழைய இஞ்ச வையுங்க. எண்ணெயக் குடிச்சாவது நிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது; உம்மா திரும்பி முறைத்தார். ஆட்கள் கிணற்றடிக்கு நடந்தார்கள்.

வீடு கிணற்றடியில்தான் என்று முடிவுசெய்து விருந்தாளிகளைக் கிண்ணியா பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகு, பின்னேரம், ஸுல்பிகா துணிச் சுருளோடு கொட்டிலுக்குப் போனாள். அவன் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். அவள் நீட்டினாள்.

"கை அடிச்சிருக்குமே" என்றான்.

"தோள் வரைக்கும் அடிச்சிது. ஏன் எனக்கும் பொய் சொன்னீங்க?"

"வாப்பாக்குச் சொன்ன பொய் புள்ள. ஒரே வீடு. உனக்கு வேற ஒண்டு சொல்லி வைக்கத் தெரியல்ல."

"மூதூருக்குப் போய் இருக்கப் போறீங்களா?"

"உம்மாட வீட்டுச் சாய்ப்பில ஒரு அறை மறைச்சா சாமானக் கொண்டு வைக்கலாம் எண்டு பாத்தன். சாமானத்தான்." அவன் வயரைக் கையில் சுற்றினான். "இஞ்ச ஹோல் வாப்பாட. குசினி உன்ட உம்மாட. அறையில உன்ட அலுமாரி. அந்தச் சீற்றில இருந்தாத்தான் நானும் இந்த வளவில இருக்கிறன் எண்டு எனக்குத் தெரியிற. அதையும் நீ எடுத்து உள்ள வச்சிட்டாய்."

"அது காருட சீற் தானே!" என்றாள் ஸுல்பிகா, உண்மையாகவே திகைத்து.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். இருவருமாகப் பின்சீற்றை வெளியே இழுத்துச் சுவரோரம் போட்டார்கள். அவன் குழியில் உட்கார்ந்தான். அவள் நின்றாள்.

"இரு."

"நானா? இதில?"

"ரெண்டு பேர் இருக்கிற சீற் தானே."

அவள் ஓரமாக உட்கார்ந்தாள். சீற்றின் கம்பிகள் இருவரையும் ஒரே குழிக்குள் சரித்தன. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. கிணற்றடியில் வாப்பா வாழைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னமும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. ஸுல்பிகாவுக்கும் முழுதாகப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. ஓடுகிற காரை வைத்துக்கொண்டு இனி இவர் தினமும் இங்கே என்ன செய்வார்? வாப்பாவுக்கு எப்போது சொல்வது? ஆனாலும் எழும்பிப் போக மனம் வரவில்லை.

"சரி, அந்தச் சின்ன ஸ்பனர எடு" என்றான் அபூதாஹிர். "எங்க வச்சாய்?"

"டின்னுக்குள்ள."

"எந்த டின்?"

ஸுல்பிகா பலகையைப் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே பால்மாப் படம். ஒரு கோடியில் இருந்து மறு கோடிவரை அழகாக, வரிசையாக நின்றன.

"தெரியாதே" என்றாள்.